முதல் கடிதம்

என் நண்பர் ஒருவர் சென்னையில் ஒரு நிறுவனத்தின் தலைமை நிதி அதிகாரியாக இருந்தார். ஒரு வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்கு மீட்டிங் என்று கூப்பிட்டார்கள். ஐந்தரைக்கு லேப்டாப்பையும் அடையாள அட்டையையும் ஒப்படைத்துவிட்டு லிஃப்டில் இறங்கினார். அதன் பிறகு இரண்டரை வருடம் அவர் செய்ததெல்லாம் மின்னஞ்சல் எழுதியதுதான். மனிதவளத் துறைக்கு எழுதினார், இயக்குநர் ஒருவருக்கு எழுதினார், வக்கீல் வைத்து ஒரு நோட்டீஸும் அனுப்பினார். ‘பேசி முடித்துக்கொள்ளலாம்’ என்று மாதத்துக்கு ஒரு பதில் வரும். கடைசியில் ஒப்பந்தத்தைத் தூக்கிக்கொண்டு என்னிடம் வந்தார். முப்பத்தொரு பக்கம். இருபத்தேழாம் பக்கத்தில் இருந்த ஷரத்தைக் காட்டி, “ஆர்பிட்ரேஷன் ஏற்கெனவே ஆரம்பிச்சாச்சுதானே? நோட்டீஸ் கொடுத்துட்டேனே?” என்றார்.

ஆரம்பிக்கவில்லை. அவருடைய நோட்டீஸ் பணத்தைக் கேட்டிருந்தது. ‘தராவிட்டால் உரிய சட்ட நடவடிக்கை’ என்று மிரட்டியிருந்தது. வழக்கை நடுவரிடம் விடுகிறேன் என்று மட்டும் எங்கும் சொல்லவில்லை. அந்த ஒரு வரி இல்லாததால் சட்டத்தின் கண்ணில் அது வெறும் காகிதம். மூன்று வருடக் காலவரையறை முடிய ஆறு மாதம் பாக்கி இருந்தது.

உயர் நிர்வாகிகளின் வேலை ஒப்பந்தச் சண்டைகளை இருபது வருடமாகப் பார்த்து வருகிறேன். சாட்சியத்தில் தோற்றவர்களைவிட, தொடங்கத் தெரியாமல் தோற்றவர்கள்தான் அதிகம் என்று எனக்குத் தோன்றுகிறது. கோடிக்கணக்கில் ஒப்பந்தம் பேசி முடித்தவர்கள், தங்கள் சொந்த ஒப்பந்தத்தின் கடைசி நான்கு பக்கத்தைப் படிப்பதில்லை. ஆகவே இந்தக் கட்டுரை தீர்ப்பைப் பற்றியதல்ல, தொடக்கத்தைப் பற்றியது.

முதலில் சொல் குழப்பம் ஒன்று. மத்தியஸ்தம், சமரசம், நடுவர் தீர்ப்பு எல்லாவற்றையும் நாம் ஒரே பொருளில் புழங்குகிறோம். நீதிமன்ற வளாகத்தில் இருக்கும் சமரச மையத்தில் யாரும் தீர்ப்புச் சொல்வதில்லை. இரு தரப்பும் ஒத்துக்கொண்டால்தான் முடிவு. ஆர்பிட்ரேஷன் அப்படியல்ல. நடுவர் சொல்வது இரு தரப்பையும் கட்டும். நீதிமன்றத் தீர்ப்பைப் போலவே நிறைவேற்றலாம். மேல்முறையீட்டு வழி மிகக் குறுகியது. ‘மத்தியஸ்தம்தானே, போய் உட்கார்ந்து பேசிவிட்டு வரலாம்’ என்று நினைத்துப் போனவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

இந்தியாவில் இதை ஆள்வது 1996ஆம் ஆண்டின் நடுவர் தீர்ப்பு மற்றும் சமரசச் சட்டம். அதன் 21ஆம் பிரிவு ஒற்றை வாக்கியம். குறிப்பிட்ட ஒரு தகராறை நடுவரிடம் விட வேண்டும் என்ற கோரிக்கையை எதிர்த் தரப்பு எந்த நாளில் பெறுகிறதோ அந்த நாளில் ஆர்பிட்ரேஷன் தொடங்குகிறது, தரப்புகள் வேறு மாதிரி ஒத்துக்கொண்டிருந்தால் ஒழிய. எழுதிய நாளும் கணக்கில்லை, தபாலில் போட்ட நாளும் கணக்கில்லை, எதிராளி கையில் சேர்ந்த நாள்தான் கணக்கு. 43ஆம் பிரிவு காலவரையறைச் சட்டத்தை இதோடு முடிச்சுப் போடுகிறது. நோட்டீஸ் போய்ச் சேரும் நாளில் கோரிக்கை உயிரோடு இருக்க வேண்டும். சம்பள பாக்கி, போனஸ், ஒப்பந்த மீறல் எதுவானாலும் பொதுவாக மூன்று வருடம். நடுவே நடக்கும் பேச்சுவார்த்தை அந்தக் கடிகாரத்தை நிறுத்தாது. நிறுவனம் கையெழுத்திட்டு ‘ஆமாம், இவ்வளவு தர வேண்டியிருக்கிறது’ என்று எழுத்தில் ஒப்புக்கொண்டால் புதிதாக மூன்று வருடம் கிடைக்கும். மாதாமாதம் வரும் ‘பரிசீலனையில் உள்ளது’ ஒப்புதல் ஆகாது. நிறுவனத்தின் வக்கீல்களுக்கு இது நன்றாகவே தெரியும்.

எந்தத் தகராறு நடுவரிடம் போகலாம் என்பதில் ஒரு பெரிய கோடு இருக்கிறது. தொழிலாளர் என்ற வரையறைக்குள் வருபவரின் பணிநீக்கத் தகராறு தொழிலாளர் சட்டத்தின் மன்றங்களுக்குச் சொந்தம். வேலை ஒப்பந்தத்தில் ஆர்பிட்ரேஷன் ஷரத்து எழுதி அதை இழுத்துக்கொண்டு வர முடியாது என்று பம்பாய் உயர் நீதிமன்றம் 2012இல் கிங்ஃபிஷர் ஏர்லைன்ஸ் வழக்கில் சொன்னது. மேலாண்மை, நிர்வாகப் பணியில் இருப்பவர் 1947ஆம் ஆண்டின் தொழில் தகராறு சட்டத்திலும் தொழிலாளர் இல்லை, 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த தொழிலுறவுச் சட்டத் தொகுப்பிலும் இல்லை. அவருக்கு ஆர்பிட்ரேஷன் ஷரத்து செல்லும். ஆனால் இந்தக் கோட்டை முடிவு செய்வது விசிட்டிங் கார்டில் உள்ள பதவிப் பெயரல்ல, அன்றாடம் செய்யும் வேலை. நம் ஊரில் ‘அசிஸ்டென்ட் மேனேஜர்’ என்ற பட்டத்தோடு யாரையும் மேய்க்காமல் கணினி முன்னால் உட்கார்ந்திருப்பவர்கள் ஆயிரக்கணக்கானோர்.

அப்படிப்பட்ட ஒரு பட்டத்தோடு இருந்தவரின் வழக்கு சென்னையிலிருந்தே உச்ச நீதிமன்றம் வரை போனது. ஹூண்டாய் ஆட்டோஎவர் இந்தியா நிறுவனத்தில் உதவி மேலாளராக இருந்தவர் பணிநீக்கம் செய்யப்பட்டார். சம்பள வழங்கல் சட்டத்தின் கீழும் தொழில் தகராறு சட்டத்தின் கீழும் அவர் முறையிட்டார். பதிலுக்கு நிறுவனம் ஒப்பந்தத்தின் ஆர்பிட்ரேஷன் ஷரத்தைக் கையில் எடுத்து நடுவர் நியமனம் கேட்டது. சென்னை உயர் நீதிமன்றமும் நியமித்தது. 2024 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அந்த நியமனத்தை ரத்து செய்து, நிறுவனம் சட்டத்தின் வழியைத் தவறாகப் பயன்படுத்தியதாகச் சொல்லி, ஐந்து லட்சம் ரூபாய் செலவுத் தொகை கொடுக்கச் சொன்னது. ஆர்பிட்ரேஷனைத் தொடங்குவது ஊழியர் மட்டும்தான் என்று நினைத்திருப்போர் இதைக் கவனிக்க வேண்டும். ஊழியர் வேறு கதவைத் தட்டியபோது அதை அடைப்பதற்காகவும் இது தொடங்கப்படுகிறது.

உயர் நிர்வாகிக்கும் எல்லாமே நடுவரிடம் போய்விடாது. கிராஜுவிட்டிக்குத் தனி அதிகாரி இருக்கிறார். பணியிடப் பாலியல் துன்புறுத்தல் புகார் 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி உள்ளகக் குழுவுக்குப் போகும். இயக்குநர் குழுவில் இருந்து நீக்கியது பங்குதாரர் ஒடுக்குமுறை என்று சொல்ல வேண்டுமானால் கம்பெனிச் சட்டத் தீர்ப்பாயம். நிறுவனத் தலைவர் பதவியிலிருந்து நீக்கப்பட்ட சைரஸ் மிஸ்திரியின் சண்டை அந்த வழியில்தான் 2021இல் உச்ச நீதிமன்றத்தில் முடிந்தது. இன்னொன்று பலர் கண்ணில் படாதது. ஊதியச் சட்டத் தொகுப்பில் ‘ஊழியர்’ என்ற சொல்லுக்குள் மேலாளரும் நிர்வாகியும் அடக்கம்; வேலையிலிருந்து நீக்கினால் ஊதிய பாக்கியை இரண்டு வேலை நாட்களுக்குள் தீர்க்க வேண்டும் என்கிறது அது. கடைசி மாதச் சம்பளத்துக்காக மட்டும் சண்டை என்றால் நடுவரிடம் போவதற்கு முன் அந்த வாசலைப் பார்ப்பது நல்லது.

சரி, நடுவரிடம் என்ன கேட்கலாம்? வேலையைத் திரும்பக் கேட்டால் கிடைக்காது. தனிப்பட்ட சேவை ஒப்பந்தத்தைக் கட்டாயப்படுத்தி நிறைவேற்ற மாட்டோம் என்பது இந்தியச் சட்டத்தின் பழைய நிலைப்பாடு. தனியார் நிறுவனத்தில் நஷ்டஈடு பெரும்பாலும் நோட்டீஸ் காலச் சம்பளத்தோடு நின்றுவிடும். ஆகவே சண்டையின் உண்மையான பொருள் வேறு: வெளியேற்றத் தொகை, போனஸ், ஊழியர்களுக்குத் தரப்படும் ‘ஈசாப்’ பங்குகள். இவை எல்லாமே ஒரு சொல்லில் தொங்குகின்றன. பணிநீக்கம் ‘காரணத்தோடு’ என்றால் பூஜ்யம், ‘காரணமின்றி’ என்றால் முழுத் தொகை. நிர்வாக இயக்குநர், முழுநேர இயக்குநர் பதவியை இழந்ததற்கான ஈட்டுத்தொகைக்குக் கம்பெனிச் சட்டம் 202ஆம் பிரிவில் உச்சவரம்பு வைத்திருக்கிறது. மீதி பதவிக்காலம் அல்லது மூன்று வருடம், இதில் எது குறைவோ அதற்கான சம்பளம். மோசடியோ கடும் அலட்சியமோ செய்தவருக்கு அதுவும் கிடையாது. நிறுவனங்கள் ஏன் அவசரமாக ‘உள்விசாரணை அறிக்கை’ தயாரிக்கின்றன என்பது இப்போது புரியும்.

நிறுவனத்தின் பக்கம் கேட்கப்படுவது இரண்டு: ரகசியத் தகவலைக் கொண்டு போனார், போட்டி நிறுவனத்தில் சேர்ந்தார். இரண்டாவதற்கு 1872ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டம் 27ஆம் பிரிவில் முட்டுக்கட்டை போட்டிருக்கிறது. வேலையில் இருக்கும்வரை கட்டுப்பாடு செல்லும். வெளியேறிய பிறகு பிழைப்பைத் தடுக்கும் கட்டுப்பாடு செல்லாது. ஆனாலும் நோட்டீசில் அந்தக் கோரிக்கை தவறாமல் இருக்கும். புதிய முதலாளிக்கு ஒரு நகல் போனால் போதும் என்பது கணக்கு.

இனி அந்த முதல் கடிதம். நண்பருக்காக நாங்கள் எழுதியது இரண்டரைப் பக்கம். ‘1996ஆம் ஆண்டுச் சட்டத்தின் 21ஆம் பிரிவின் கீழான நோட்டீஸ்’ என்று தலைப்பிலேயே போட்டோம். ஒப்பந்தத்தின் தேதி, ஆர்பிட்ரேஷன் ஷரத்தின் எண், அந்த ஷரத்தின் வாசகம் அப்படியே. தகராறு என்ன என்று ஆறு வரி. மாதச் சம்பளம் எட்டு லட்சம்; நோட்டீஸ் காலம் மூன்று மாதத்துக்கு 24 லட்சம், வெளியேற்றத் தொகை ஆறு மாதத்துக்கு 48 லட்சம், அறிவித்துவிட்டுத் தராத போனஸ் 18 லட்சம், ஆக 90 லட்சம். பிறகுதான் முக்கியமான பத்தி: இந்தத் தகராறுகளை நடுவர் தீர்ப்புக்கு விடுகிறோம், ஒரே நடுவராக இன்னாரை முன்மொழிகிறோம், முப்பது நாளுக்குள் இசைவு தெரிவிக்காவிட்டால் 11ஆம் பிரிவின்படி உயர் நீதிமன்றத்தை அணுகுவோம். நிறுவனத்தின் பதிவு அலுவலகத்துக்கும் ஒப்பந்தத்தில் நோட்டீஸ் முகவரி என்று கொடுத்திருந்த அலுவலகத்துக்கும் தனித்தனியாக ஸ்பீடு போஸ்ட், மின்னஞ்சலிலும் ஒரு பிரதி. தபால் துறையின் இணையப் பக்கத்தில் ‘டெலிவரி ஆனது’ என்று காட்டிய அன்றே அந்தப் பக்கத்தை அச்செடுத்துக் கோப்பில் வைத்தோம். காலவரையறை வாதம் வந்தால் அந்த ஒரு தாள்தான் பேசும்.

இந்த நோட்டீஸ் வெறும் சடங்கா என்று நீதிமன்றங்களில் வாதங்கள் நடந்திருக்கின்றன. டெல்லி உயர் நீதிமன்றம் 2017இல் அலுப்ரோ வழக்கில் சடங்கல்ல என்று சொன்னது. கோரிக்கை என்ன என்று எதிராளிக்குத் தெரிய வேண்டும், காலம் கடந்ததை அவர் சுட்டிக்காட்ட வாய்ப்பு வேண்டும், நடுவர் யார் என்பதில் அவருக்கும் குரல் வேண்டும் என்பது காரணம். 2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் அடவ்யா புராஜெக்ட்ஸ் வழக்கில் கொஞ்சம் தளர்த்தியது: நோட்டீஸ் கட்டாயம்தான், ஆனால் தனக்கு நோட்டீஸ் வரவில்லை என்பதற்காக மட்டும் ஒருவர் வழக்கிலிருந்து நழுவிவிட முடியாது. தளர்வை நம்பி எழுதாமல் இருப்பதைவிட இரண்டரைப் பக்கம் எழுதிவிடுவது மலிவு.

ஷரத்தில் ‘முதலில் முப்பது நாள் நல்லெண்ணப் பேச்சுவார்த்தை’ என்று இருந்தால் அதையும் செய்துவிட்டு, செய்ததற்குத் தடயம் வைத்துக்கொள்ள வேண்டும். அது கட்டாயமா வெறும் வழிகாட்டுதலா என்பதில் தீர்ப்புகள் வாசகத்துக்கு வாசகம் மாறுகின்றன. அந்த வாதத்துக்கு எதிராளிக்கு இடம் கொடுப்பானேன்?

நடுவர் யார்? இங்கேதான் கடந்த பத்து வருடத்தில் சட்டம் உண்மையாகவே மாறியிருக்கிறது. நண்பரின் ஷரத்து, ‘நிர்வாக இயக்குநர் நியமிக்கும் ஒரே நடுவர்’ என்றது. வேலையை விட்டுத் தூக்கியவரே நீதிபதியையும் தேர்ந்தெடுப்பார்! 2015 திருத்தம் 12(5) பிரிவையும் ஏழாம் அட்டவணையையும் கொண்டுவந்து, தரப்பின் ஊழியரோ ஆலோசகரோ நடுவராக முடியாது என்றது. 2019இல் பெர்கின்ஸ் ஈஸ்ட்மன் வழக்கில் உச்ச நீதிமன்றம் அடுத்த படிக்குப் போனது. முடிவில் அக்கறை உள்ளவர் தான் நடுவராக இருக்க முடியாது என்றால், தனியாக வேறொருவரை நியமிக்கவும் முடியாது. 2024 நவம்பரில் ஐந்து நீதிபதிகள் அமர்வு ரயில்வே ஒப்பந்த வழக்கில் ஒருதலை நியமனம் அரசமைப்பின் சமத்துவக் கோட்பாட்டுக்கே விரோதம் என்று முத்திரை குத்தியது.

ஆனால் பழைய ஷரத்துகள் பழைய ஒப்பந்தங்களில் அப்படியே கிடக்கின்றன. ‘இன்னாரை நடுவராக நியமித்துவிட்டோம், இந்தத் தேதியில் ஆஜராகவும்’ என்று இன்றைக்கும் கடிதம் வருகிறது. பயந்துபோய் ஆஜராகிவிட்டாலும் உரிமை போய்விடாது. தகராறு எழுந்த பிறகு, எழுத்தில், வெளிப்படையாக விட்டுக்கொடுத்தால்தான் விட்டுக்கொடுத்ததாகும் என்று பாரத் பிராட்பேண்ட் வழக்கில் 2019இலேயே தீர்ப்பு இருக்கிறது. அதற்காகச் சும்மா இருக்கவும் கூடாது. மறுநாளே எதிர்ப்பை எழுதி அனுப்பிவிட வேண்டும்.

நண்பரின் நோட்டீசுக்கு நிறுவனம் இருபத்தொன்பதாம் நாள் பதில் போட்டது. மூன்று பெயர் கொடுத்து ஒருவரைத் தேர்ந்தெடுக்கச் சொன்னது. மூவருமே முன்பு அதே நிறுவனத்துக்காக ஆஜரானவர்கள். உயர் நீதிமன்றத்துக்குத்தான் போக வேண்டியிருந்தது. எந்த உயர் நீதிமன்றம்? ஷரத்தில் நடுவர் மன்றத்தின் இருப்பிடம் மும்பை. அவர் வேலை பார்த்தது, குடியிருப்பது, தூக்கப்பட்டது எல்லாம் சென்னை. இருந்தாலும் இருப்பிடம் எங்கோ அங்கேதான் நீதிமன்ற அதிகாரம். வேலை ஒப்பந்தத்தில் ஒரே ஊர் நீதிமன்றத்துக்கு மட்டும் அதிகாரம் என்று எழுதியிருந்தால் அது செல்லும் என்று 2025 ஏப்ரலில் எச்.டி.எஃப்.சி. வங்கி ஊழியர் வழக்கிலும் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. ஊழியர் பலவீனமான தரப்பு என்ற வாதம் எடுபடவில்லை. என்னைக் கேட்டால், சேரும் அன்றைக்கு ஒருவர் பேரம் பேச வேண்டிய முதல் சொல் சம்பளமல்ல, இந்த ஊர்ப்பெயர். பேசுகிறவரை நான் இதுவரை பார்த்ததில்லை.

ஒரு ஆறுதல்: ஒப்பந்தத்துக்கு முத்திரைத்தாள் கட்டணம் கட்டவில்லை என்று சொல்லி நியமனத்தையே தடுக்கும் பழைய தந்திரம் 2023 டிசம்பரில் ஏழு நீதிபதிகள் அமர்வின் தீர்ப்போடு முடிந்துபோனது. குறைபாட்டைப் பிறகு சரிசெய்துகொள்ளலாம்.

செலவுக் கணக்கைப் பார்ப்போம். சட்டத்தின் நான்காம் அட்டவணை மாதிரிக் கட்டணம் தருகிறது. 20 லட்சத்துக்கு மேல் ஒரு கோடி வரையான கோரிக்கைக்கு 97,500 ரூபாய், 20 லட்சத்துக்கு மேற்பட்ட தொகைக்கு 3 சதவீதம் கூடுதல். 90 லட்சத்துக்கு 3,07,500 ரூபாய். ஒரே நடுவர் என்றால் 25 சதவீதம் அதிகம்: 3,84,375. வழக்கமாக ஆளுக்குப் பாதி. இதே தொகைக்குத் தமிழ்நாட்டில் உரிமையியல் வழக்குப் போட்டால் நீதிமன்றக் கட்டணம் 3 சதவீதம், 2,70,000 ரூபாய். முழுவதையும் வாதி முன்கூட்டியே கட்ட வேண்டும். ஆகவே ஆர்பிட்ரேஷன் பணக்காரர் சமாச்சாரம் என்று ஒரேயடியாகச் சொல்லிவிட முடியாது. ஆனால் பொறி வேறிடத்தில் இருக்கிறது. நிறுவனம் பதிலுக்கு ஐந்து கோடி எதிர்க்கோரிக்கை போடலாம். கோரிக்கைக்கும் எதிர்க்கோரிக்கைக்கும் கட்டணம் தனித்தனி என்று 2022இல் ஓ.என்.ஜி.சி. - ஆஃப்கான்ஸ் வழக்கில் தீர்ப்பாகியிருக்கிறது. எதிர்க்கோரிக்கை ஜெயிப்பதற்காகப் போடப்படுவதல்ல பல சமயம். வேலையில்லாத மனிதர் கட்டணப் பங்கைக் கட்டத் திணறட்டும் என்றுதான்.

அமெரிக்காவில் இதற்கு ஒரு விடை கண்டிருக்கிறார்கள். கலிஃபோர்னியா உச்ச நீதிமன்றம் 2000இல் அர்மெண்டாரிஸ் வழக்கில், வேலைக்குச் சேர நிபந்தனையாக ஆர்பிட்ரேஷனைத் திணிக்கும் முதலாளி, ஊழியரின் சட்ட உரிமைக் கோரிக்கைகளில் நடுவர் செலவையும் தானே ஏற்க வேண்டும் என்றது. நம் சட்டத்தில் அப்படி ஒரு விதி இல்லை, இருக்க வேண்டும். அமெரிக்கா இந்த விஷயத்தில் பொதுவாக முதலாளி பக்கம் சாய்ந்த நாடு என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்; 1925ஆம் ஆண்டின் கூட்டாட்சி ஆர்பிட்ரேஷன் சட்டத்தை வேலை ஒப்பந்தங்களுக்கும் விரித்தது அங்கே உச்ச நீதிமன்றமே, 2001இல்.

அந்தச் சாய்வை அசைத்தது எங்கே வழக்கைத் தொடங்குவது என்பதில் எடுத்த ஒரு முடிவு. ஃபாக்ஸ் நியூஸ் தொகுப்பாளர் கிரெச்சன் கார்ல்சனின் ஒப்பந்தத்தில் ரகசிய ஆர்பிட்ரேஷன் ஷரத்து இருந்தது. 2016 ஜூலையில் அவர் நிறுவனத்தை வழக்கில் சேர்க்காமல், அதன் தலைவர் ரோஜர் எய்ல்ஸ் மீது தனிப்பட்ட முறையில் நியூ ஜெர்சி நீதிமன்றத்தில் பாலியல் துன்புறுத்தல் வழக்குத் தொடுத்தார். ஒப்பந்தத்தில் எய்ல்ஸ் ஒரு தரப்பல்ல என்பது வாதம். ஷரத்து தனக்கும் பொருந்தும் என்று எய்ல்ஸ் தரப்பு மல்லுக்கட்டியது. அந்தக் கேள்விக்கு விடை கிடைக்கும் முன்பே விஷயம் ஊரறிந்துவிட்டது, எய்ல்ஸ் பதவி போனது, இரண்டு கோடி டாலருக்குச் சமரசமானது. 2022 மார்ச்சில், பாலியல் துன்புறுத்தல் புகார்தாரரைக் கட்டாய ஆர்பிட்ரேஷனில் அடைக்க முடியாது என்று அமெரிக்காவில் சட்டமே வந்தது. கையெழுத்திடாதவரையும் ஷரத்துக்குள் இழுக்கலாமா என்ற அதே கேள்விக்கு நம் உச்ச நீதிமன்றம் 2023இல் காக்ஸ் அண்ட் கிங்ஸ் வழக்கில் பதில் தந்தது. நடத்தையால் இசைந்திருந்தால் இழுக்கலாம். வெளிநாட்டுத் தாய் நிறுவனத்தின் கட்டளைப்படி வேலை பார்த்து, இந்தியத் துணை நிறுவனத்திடம் சம்பளம் வாங்கியவர்களுக்கு இது உதவும்.

வெளிநாட்டுத் தாய் நிறுவனம் என்றதும் இன்னொரு சிக்கல். நியமனக் கடிதம் சென்னை நீதிமன்றம் என்கிறது, வேலை ஒப்பந்தம் ஆர்பிட்ரேஷன் என்கிறது, பங்குத் திட்டம் சிங்கப்பூர் என்கிறது. ஒரே சண்டை மூன்று ஊரில். தொடக்க நாளும் ஊருக்கு ஊர் வேறு: பாரிஸின் ஐ.சி.சி. விதிகளிலும் சிங்கப்பூர் மைய விதிகளிலும் எதிராளி பெறும் நாளல்ல, மையத்தின் அலுவலகம் பெறும் நாளே தொடக்கம். சிங்கப்பூர் விதிகளில் மன்றம் அமையும் முன்பே அவசர நடுவரிடம் போகலாம். பாரத்பே நிறுவனத்தின் இணை நிறுவனர் அஷ்னீர் குரோவர் 2022 தொடக்கத்தில் தனக்கு எதிரான உள்விசாரணையை நிறுத்தக் கோரி அப்படித்தான் போனார். நிவாரணம் கிடைக்கவில்லை, உடனே பதவி விலகினார். நம் நீதிமன்றத்தில் 1996ஆம் ஆண்டுச் சட்டத்தின் 9ஆம் பிரிவின் கீழ் இடைக்கால உத்தரவு வாங்கினால் தொண்ணூறு நாளுக்குள் ஆர்பிட்ரேஷன் தொடங்கியாக வேண்டும். தடை வாங்கிக்கொண்டு நிறுவனம் சும்மா இருந்துவிட முடியாது.

நண்பரின் நடுவரை உயர் நீதிமன்றம் நியமிக்கப் பதினோரு மாதம் ஆனது. ஓய்வுபெற்ற நீதிபதி. முதல் அமர்வு காணொளியில் நடந்தது. இரண்டு தரப்பிலும் தனக்கு உறவோ தொழில் தொடர்போ இல்லை என்ற எழுத்து உறுதிமொழியை அவர் ஏற்கெனவே அனுப்பியிருந்தார். கோரிக்கை மனுவும் பதிலும் ஆறு மாதத்துக்குள், அதிலிருந்து பன்னிரண்டு மாதத்துக்குள் தீர்ப்பு என்று சட்டம் சொல்லும் அட்டவணையை வாசித்தார். பிறகு கட்டணம் பேசினார். திரையின் ஒரு கட்டத்தில் அந்த வெள்ளிக்கிழமை மீட்டிங்குக்குக் கூப்பிட்ட மனிதவளத் தலைவர் உட்கார்ந்திருந்தார். நிறுவனத்தின் வக்கீல் தொண்டையைக் கனைத்துக்கொண்டு ஆரம்பித்தார்: “கோரிக்கை காலங்கடந்தது, ஐயா.” நடுவர் நண்பரின் பக்கம் திரும்பி, நோட்டீஸ் என்றைக்குப் போய்ச் சேர்ந்தது என்று கேட்டார். கோப்பிலிருந்து அந்தத் தாளை எடுத்துக் கேமராவுக்கு நேராகப் பிடித்தோம்.